ஃபோர்டு சும்மா விட்டுவைத்த வண்டிகள்

அமெரிக்காவில் ஃபோர்டு வைத்திருப்பவனைக் கிண்டலடிக்க ஒரு பழைய வழி உண்டு. பெயரின் நாலு ஆங்கில எழுத்தையும் பிரித்து ‘ஃபிக்ஸ் ஆர் ரிப்பேர் டெய்லி’ என்பார்கள். ‘ஃபவுண்ட் ஆன் ரோடு டெட்’ என்பார்கள். டெட்ராய்ட் வட்டாரத்தில் ஃபோர்டு சம்பளத்தில் வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களே இதைச் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். அதே ஆட்களின் கராஜுக்குள் எட்டிப் பார்த்தால் முப்பது வருடத்துக்கு முந்தைய ஃபோர்டு பிக்கப் ஒன்று நிற்கும். கதவடியெல்லாம் துரு. ஆனால் மைனஸ் இருபது குளிரிலும் சாவியைத் திருப்பியதும் உறுமிக்கொண்டு கிளம்பும்.

நான் இங்கே உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். ஊரிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகள் முதல் சம்பளம் கைக்கு வந்ததும் கேட்பது ஒன்றுதான். “அண்ணா, ஃபோர்டு வாங்கலாமா, இல்ல பேசாம டொயோட்டா கேம்ரிக்கே போயிடவா?” நான் திருப்பிக் கேட்பேன்: “எந்த ஃபோர்டு தம்பி? எந்த வருஷம்?” தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று நினைப்பார்கள். உண்மையில் அதற்கு மேல் சுருக்கமாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

என் வேலைக் கண்ணோடு ஃபோர்டின் வரலாற்றைப் படித்தால் ஒரு விசித்திரம் தட்டுப்படுகிறது. அந்தக் கம்பெனி வெகுகாலம் பெரிதாகக் கைவைக்காமல் விட்ட வண்டிகளும் இன்ஜின்களும்தான் லட்சக்கணக்கான மைல் ஓடின. பக்கத்துக் கம்பெனிக்காரனை முந்த வேண்டும், செலவைக் குறைக்க வேண்டும் என்று அவசரத்தில் இறக்கியவை ரிப்பேருக்காக டீலர் வாசலில் வரிசை கட்டி நின்றன. நூற்றிருபது வருடமாக இதே கதை மாறி மாறி நடக்கிறது.

ஹென்றி ஃபோர்டின் முதல் கம்பெனியே தரத்தால் படுத்ததுதான். 1899-ல் தொடங்கிய டெட்ராய்ட் ஆட்டோமொபைல் கம்பெனி செய்த வண்டிகள் விலையும் அதிகம், உழைப்பும் மட்டம். 1901 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். அடுத்ததில் பணம் போட்டவர்களோடு சண்டை. 1902-ல் இவர் வெளியேற, அதை ஹென்றி லேலண்ட் என்ற துல்லியப் பித்தரிடம் ஒப்படைத்தார்கள். அது கேடிலாக் ஆனது. மூன்றாவது முயற்சிதான் 1903 ஜூன் 16 அன்று 28,000 டாலர் ரொக்க முதலீட்டில் பிறந்த ஃபோர்டு மோட்டார் கம்பெனி. முதல் வண்டியை வாங்கியவர் சிகாகோவில் ஒரு பல் டாக்டர். அந்த வண்டிக்கு இன்ஜினும் சேஸிஸும் (அடிச்சட்டகம்) செய்துகொடுத்தது டாட்ஜ் சகோதரர்கள். ஃபோர்டு பூட்டி விற்றார், அவ்வளவுதான்.

1908 அக்டோபரில் மாடல் டி வந்தது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் விலையைப் பேசுவார்கள், அசெம்பிளி லைனைப் பேசுவார்கள். 850 டாலருக்கு அறிமுகமானது, 1920-களின் நடுவில் 300 டாலருக்குக் கீழே வந்தது. 1913-ல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் லைன் போட்டதும் ஒரு சேஸிஸைப் பூட்டும் நேரம் பன்னிரண்டரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்கு இறங்கியது. 1927 வரை 1.5 கோடி வண்டிகள். எல்லாம் சரி. என்னைக் கவர்வது அதில் எதெல்லாம் இல்லை என்பதுதான்.

மிகத் தொடக்க வண்டிகளை விட்டால் தண்ணீர் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி ரேடியேட்டருக்குப் போகும், ஆறியது கீழே இறங்கும். ஆயில் பம்ப் கிடையாது. சுழலும் பாகங்கள் எண்ணெயை வாரி இறைத்துக்கொள்ளும். பெட்ரோல் பம்பும் கிடையாது. முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் டாங்கிலிருந்து எரிபொருள் தன் பாரத்தில் கார்ப்பரேட்டருக்கு இறங்கும். டாங்கில் பெட்ரோல் குறைவாக இருந்து மேடு செங்குத்தாக வந்தால் இறங்காது. அப்போது வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே மலை ஏற்றுவார்கள். இல்லாத பம்ப் கெட்டுப்போகாது அல்லவா? நம்பகத்தன்மைக்கு இதைவிட எளிய சூத்திரம் எனக்குத் தெரியாது.

இருந்த பாகங்களில் கஞ்சத்தனம் காட்டவில்லை. கிராங்க் ஷாஃப்ட், அச்சு, கியர் எல்லாம் வனேடியம் கலந்த எஃகு. அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் அபூர்வம் அது. நாலு சிலிண்டரும் ஒரே வார்ப்பு, தலை தனியே கழற்றும்படி. இன்று இது சாதாரணம். அன்று பல கம்பெனிகள் சிலிண்டர்களைத் தனித்தனியாக வார்த்துச் சேர்த்துக்கொண்டிருந்தன.

டெட்ராய்டுக்குப் பக்கத்து டியர்பார்னில் கிரீன்ஃபீல்டு வில்லேஜ் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் காசு கட்டினால் மாடல் டி-யில் ஒரு சுற்று கூட்டிப் போவார்கள். ஓட்டுநருக்குப் பக்கத்து இடம் கிடைத்தால் விடாதீர்கள். தரையில் மூன்று பெடல். எதுவும் நமக்குப் பழகிய வேலையைச் செய்யாது. இடது பெடலை முழுக்க அழுத்தினால் முதல் கியர், பாதியில் பிடித்தால் நியூட்ரல், விட்டுவிட்டால் டாப் கியர். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல் பிரேக். அது சக்கரத்தைப் பிடிக்காது, கியர்பாக்ஸைப் பிடிக்கும். ஆக்ஸிலரேட்டர் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்னத் தண்டு. இன்னொரு பக்கம் அதே மாதிரி தண்டு, தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதற்கு. நான் ஏறிய அன்று ஓட்டிய பெரியவர் பேச்சை நிறுத்தாமலே அந்தத் தண்டை விரல் நுனியால் கொஞ்சம் கீழே இழுத்தார். கடகடவென்று அடித்துக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று சீரானது. காதால் ட்யூன் செய்கிறார். அந்தத் தண்டைச் சரியாக வைக்காமல் முன்னால் கைப்பிடியைச் சுற்றி ஸ்டார்ட் செய்தால் கைப்பிடி எதிர்ப்பக்கம் உதைத்து மணிக்கட்டை முறிக்கும். அப்படி முறிந்த மணிக்கட்டுகள் அன்று டாக்டர்களுக்கு வாடிக்கை.

ஆகவே மாடல் டி பழுதே பார்க்காத வண்டி இல்லை. அதன் கியர்பாக்ஸ் பட்டைகளை அடிக்கடி முறுக்க வேண்டும், கிரீஸ் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் கான்சாஸ் மாநிலத்து விவசாயி இடுக்கியும் கம்பியும் வைத்துக்கொண்டு களத்து மேட்டிலேயே அதைச் சரிசெய்ய முடிந்தது. பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெல்ட் மாட்டி, மரம் அறுத்தான். இன்று ‘ரிலையபிலிட்டி’ என்று பத்திரிகைகள் புள்ளி போடுவதில் இந்தக் குணத்துக்கு ஒரு கட்டமே கிடையாது. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

பத்தொன்பது வருடம் ஒரே வண்டி. சும்மா விட்டது அளவுக்கு மீறிப்போய், செவ்ரலே முந்திவிட்டது. 1927-ல் ஆலையை மாதக்கணக்கில் மூடி மாடல் ஏ-க்கு மாற வேண்டியதாயிற்று.

அடுத்து கிழவர் ஹென்றி அவசரப்பட்டார். சாமானியன் வாங்கும் விலையில் வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின், வேண்டும் என்று ஒரு சின்னக் குழுவை அதே கிரீன்ஃபீல்டு வில்லேஜில், எடிசனின் பழைய ஆய்வகக் கட்டிடத்துக்குள் உட்காரவைத்து, யார் கண்ணிலும் படாமல் வேலை வாங்கினார். 1932 மார்ச்சில் வண்டி வெளிவந்தது. எட்டு சிலிண்டரையும் ஒரே வார்ப்பில் வார்த்தது உலோகத் தொழிலில் பெரிய சாதனை. ஆனால் எரிந்த புகை வெளியே போகும் வழி சிலிண்டர் பிளாக்கைச் சுற்றி ஓடும் தண்ணீருக்குள்ளேயே போனது. கொதிக்கவைக்கத் திட்டம் போட்டுக் கட்டியது மாதிரி. முதல் வருடத்து இன்ஜின்கள் சூடேறின, எண்ணெய் குடித்தன, சிலவற்றின் பிளாக்கே வெடிப்பு விட்டது. வாங்கியவர்கள்தான் சோதனை எலிகள். அதே இன்ஜின் அடிப்படை மாறாமல் 1953 வரை அமெரிக்காவில் ஓடியது. சில வருடங்கள் கழித்து வந்தவற்றுக்கு நல்ல பெயர். தேதியைப் பார்த்து வாங்கு என்று நான் சொல்வது இன்று நேற்றுத் தொடங்கிய விஷயமில்லை.

ஃபோர்டு இறக்கிய எட்ஸெல் என்ற காரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1957 செப்டம்பரில் ஆர்ப்பாட்டமாக வந்து 1959 நவம்பரில் மூடப்பட்டது. நஷ்டம் 25 கோடி டாலர் என்பார்கள். முன்பக்க கிரில்லின் வடிவத்தைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது, அதற்கென்று சொந்த ஆலை இல்லை என்பது. ஃபோர்டு வண்டிகளும் அதன் இன்னொரு பிராண்டான மெர்குரி வண்டிகளும் போகும் லைனிலேயே இடையிடையே எட்ஸெலைச் சொருகினார்கள். தொழிலாளி கை ஒரு வண்டிக்குப் பழகியிருக்கும்போது நடுவே வேறொன்று வரும், வேறு பாகம், வேறு போல்ட். சில வண்டிகள் என்னென்ன பாகம் விட்டுப்போயிற்று என்று எழுதிய சீட்டோடு டீலரிடம் போய்ச் சேர்ந்தன. போதாக்குறைக்கு ஸ்டீயரிங்கின் நடுவில் பட்டன் தட்டிக் கியர் மாற்றும் ஏற்பாடு வேறு.

பின்டோ என்ற சின்னக் காரின் கதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். வழக்கமாக மூன்றரை வருடம் பிடிக்கும் வடிவமைப்பை இரண்டு வருடம் சொச்சத்தில் முடித்து 1970-ல் இறக்கினார்கள். எடை 2,000 பவுண்டுக்குள், விலை 2,000 டாலருக்குள் என்பது ஃபோர்டு மேலதிகாரி லீ அயகோக்காவின் கட்டளை. பெட்ரோல் டாங்கை பின் அச்சுக்கும் பம்பருக்கும் நடுவில் வைத்ததால் பின்னாலிருந்து மோதினால் தீப்பிடித்தது. 1978-ல் பின்டோவும் அதன் மெர்குரி உறவான பாப்கேட்டும் சேர்த்து 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஒரு உயிருக்கு இரண்டு லட்சம் டாலர் என்று கணக்குப் போட்ட ஃபோர்டு ஆவணம் பின்டோ மோதல்களைப் பற்றியது என்றுதான் பொதுவாக நம்புகிறார்கள். உண்மையில் அது வண்டி உருண்டால் பெட்ரோல் கசிவதைப் பற்றி, எல்லாக் கம்பெனிக் கார்களையும் சேர்த்து, அரசாங்கத்துக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு. உயிருக்கு விலை வைத்த அந்த எண்ணும் அரசாங்கத்திடமிருந்து எடுத்ததே. இதைச் சொல்வது ஃபோர்டுக்கு வக்காலத்து வாங்க அல்ல. டாங்கை அங்கே வைத்தது வைத்ததுதான்.

அதே காலத்தில் இன்னொரு விவகாரம் உண்டு. பின்டோவின் புகழில் மறைந்துபோனது. ஆட்டோமேட்டிக் கியரைப் பார்க்கில் போட்டுவிட்டு இறங்கினால், கியர் சரியாக உட்காராமல் இருந்து, தானாக ரிவர்ஸுக்கு நழுவி வண்டி பின்னால் உருளும். கேட் திறக்க இறங்கியவர்கள், டிக்கியிலிருந்து சாமான் எடுக்கப் போனவர்கள் அடிபட்டார்கள், பலர் செத்தார்கள். சம்பந்தப்பட்ட வண்டிகள் 2.3 கோடி. அத்தனையையும் திரும்ப அழைத்தால் கம்பெனி தாங்குமா என்ற நிலைமை. 1980 கடைசியில் அரசாங்கத்தோடு ஒரு சமரசம் செய்துகொண்டார்கள். வண்டிச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் தபாலில் ஒரு ஸ்டிக்கர் வந்தது. இறங்கும் முன் கியர் பார்க்கில் விழுந்ததா பார், ஹேண்ட் பிரேக் போடு, இன்ஜினை அணை என்று அதில் அச்சடித்திருந்தது; டாஷ்போர்டில் ஒட்டிக்கொள்ள வேண்டியது. 2.3 கோடி வண்டிகளுக்கு வைத்தியம் ஒரு துண்டுக் காகிதம். எங்கள் தொழிலில் இதைவிட மலிவான ரிப்பேரை நான் கேள்விப்பட்டதில்லை.

1980-ல் மட்டும் கம்பெனிக்கு 150 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஜப்பான் வண்டிகள் சந்தையைத் தின்றுகொண்டிருந்தன. அப்போதுதான் எண்பதை எட்டிய புள்ளியியல்காரர் எட்வர்ட்ஸ் டெமிங்கைக் கூப்பிட்டார்கள். 1950-லிருந்து ஜப்பானியர்களுக்குப் பாடம் எடுத்தவர். சொந்த நாட்டில் யாரும் சீந்தாதவர். 1981-ல் ஃபோர்டுக்கு வந்தவர் வண்டியைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தார்கள். நிர்வாகத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். கோளாறில் பெரும்பங்கு தொழிலாளி கையில் இல்லை, மேலே உட்கார்ந்திருப்பவர்கள் அமைத்த முறையில் இருக்கிறது என்பது அவர் வாதம். தலைவராக இருந்த டொனால்ட் பீட்டர்சன் கோபப்படாமல் கேட்டுக்கொண்டதுதான் ஆச்சரியம்.

அந்தக் காலத்தில் நடந்த கியர்பாக்ஸ் ஒப்பீடு எங்கள் தொழிலில் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லப்படுவது. 1979 முதல் ஃபோர்டுக்கு மஸ்டாவில் கால் பங்கு இருந்தது. ஒரே வரைபடத்தை வைத்து ஒரே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை ஃபோர்டு ஒஹாயோவில் உள்ள பட்டேவியா ஆலையில் செய்தது, மஸ்டா ஜப்பானில் செய்தது. இரண்டும் ஒரே மாதிரி கார்களில் அமெரிக்கச் சாலையில் ஓடின. ஃபோர்டு செய்தவை சத்தம் போட்டன, வாரண்டியில் திரும்பி வந்தன. மஸ்டா செய்தவை அவ்வளவாக வரவில்லை.

இரண்டு பக்கத்திலிருந்தும் சில கியர்பாக்ஸ்களைப் பிரித்துப் பாகம் பாகமாக அளந்தார்கள். ஃபோர்டு பாகங்களில் தவறில்லை. எல்லாம் அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தன. அந்த எல்லையில் சுமார் 70 சதவீத அகலத்துக்குப் பரவியிருந்தன. மஸ்டா பாகங்களை அளக்கும்போது கருவியின் முள் ஏறக்குறைய அசையவேயில்லை. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துச் சரிபார்த்தார்களாம். கருவி நன்றாகத்தான் இருந்தது. மஸ்டாவின் பரவல் 27 சதவீதம்.

இதில் என்ன இருக்கிறது, இரண்டுமே எல்லைக்குள்தானே என்று கேட்கலாம். ஃபோர்டு ஆலையும் அப்படித்தான் கேட்டது. சட்டைப் பொத்தான் பெரிய பக்கத்து எல்லையிலும் காஜா சின்னப் பக்கத்து எல்லையிலும் அமைந்தால் இரண்டும் தனித்தனியே பாஸ். ஆனால் போடும்போது இழுத்துப் பிடுங்க வேண்டும். கியர்பாக்ஸுக்குள் அப்படி நூற்றுக்கணக்கான ஜோடிகள். பட்டேவியாவில் வேலை செய்தவர்கள் சோம்பேறிகள் இல்லை. கேட்ட எல்லைக்குள் கேட்டபடி செய்துகொடுத்தார்கள். எல்லைக்குள் வந்தால் போதும் என்று சொன்னது யார் என்பதுதான் டெமிங் கேட்ட கேள்வி. அமெரிக்கத் தொழிலாளிக்கு வேலை தெரியாது, ஜப்பான்காரன் ரத்தத்திலேயே ஒழுங்கு என்று இன்றும் பேசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருவது இந்தக் கதையால்தான்.

அந்தப் பாடத்தின் விளைவு 1985 கடைசியில் வந்த டாரஸ். 300 கோடி டாலர் சூதாட்டம். வடிவமைப்பு, ஆலை, விற்பனை எல்லோரையும் ஆரம்பத்திலேயே ஒரே குழுவாக உட்காரவைத்தார்கள். லைன் தொழிலாளியிடம் என்ன மாற்றலாம் என்று கேட்டார்கள். 1992 முதல் 1996 வரை அமெரிக்காவில் அதிகம் விற்ற கார் அதுதான். ஆனால் அதிலேயே 3.8 லிட்டர் வி6 வாங்கியவர்கள் ஹெட் காஸ்கெட்டுக்கு (இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) அழுதார்கள், கூடவே கியர்பாக்ஸுக்கும். பாடம் கற்றது கம்பெனியின் ஒரு பாதி. மறுபாதி வகுப்புக்கே வரவில்லை.

இதற்கிடையில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு மூலையில் ஃபோர்டின் மிக நல்ல பொருட்கள் தயாராகிக்கொண்டிருந்தன. 1965-லிருந்து 1996 வரை பிக்கப்களில் போட்ட 4.9 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒன்று. இங்கே ‘த்ரீ ஹண்ட்ரட்’ என்றால் தெரியாத மெக்கானிக் கிடையாது. ஏழு மெயின் பேரிங். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைச் சுற்ற செயினும் இல்லை, பெல்ட்டும் இல்லை, நேரடியாகப் பல்சக்கரம். வேகம் வராது, இழுவை வரும். யூபிஎஸ் என்ற கூரியர் கம்பெனியின் பார்சல் வண்டிகளில் நாள் முழுக்க நின்று நின்று ஓடியது இதுதான். நான் சொன்ன துருப்பிடித்த பிக்கப்களில் பாதிக்கு மேல் இதுதான் இருக்கும்.

அடுத்தது கிரவுன் விக்டோரியா. நியூயார்க் மஞ்சள் டாக்ஸியாகவும் போலீஸ் வண்டியாகவும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் அடித்தளம் 1979 மாடலில் வந்தது. கடைசி வண்டி 2011 செப்டம்பரில் கனடாவின் செயின்ட் தாமஸ் ஆலையிலிருந்து இறங்கியது. தனிச் சட்டகம், பின் சக்கர ஓட்டம், 1992-லிருந்து 4.6 லிட்டர் வி8. மேலிடத்துக்கு அதில் அக்கறையே இல்லை. புதுசு செய்யப் பணம் ஒதுக்கவில்லை. அதனால் வந்த நன்மை, இருக்கும் குறைகளை மட்டும் ஒவ்வொன்றாகக் களைந்துகொண்டே போனார்கள். இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் பிளாஸ்டிக் இன்டேக் மானிஃபோல்டு வெடித்துக் கூலன்ட் ஒழுகியதா, அந்த இடத்துக்கு அலுமினியம் போட்டார்கள். பெரிய குறையும் இருந்தது. போலீஸ் வண்டிகளைப் பின்னாலிருந்து வேகமாக மோதும்போது தீப்பிடித்து அதிகாரிகள் இறந்தார்கள். டாங்க் பின் அச்சுக்குப் பின்னால். பின்டோ வைத்த அதே இடம். 2002-ல்தான் கவசம் பொருத்த ஒப்புக்கொண்டார்கள். டாக்ஸிக்காரர்கள் மட்டும் அந்த வண்டியைக் கடைசிவரை விடவில்லை. எந்தக் கோளாறு எந்த மைலில் வரும் என்பது மனப்பாடம், பாகம் எந்த மூலையிலும் கிடைக்கும்.

அதற்கு நேர் எதிர் 5.4 லிட்டர் த்ரீ-வால்வ் ட்ரைடான் இன்ஜின். 2004 பிக்கப்பில் புதுமையாக வந்தது. அதன் ஸ்பார்க் பிளக் இரண்டு துண்டாகச் செய்தது. கழற்றினால் மேல் துண்டு கையோடு வரும், கீழ்த் துண்டு ஹெட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். அதைப் பிடுங்கவே தனியாக ஒரு கருவி சந்தைக்கு வந்தது. மெக்கானிக்குகளின் டூல் பெட்டியில் இன்றும் கிடக்கிறது.

2000-ல் ஃபோர்டின் எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவியும் ஃபயர்ஸ்டோன் டயரும் சேர்ந்து நடத்திய கூத்து தனிக் கட்டுரைக்கானது. டயர் பிய்ந்து வண்டி உருண்ட அந்த விவகாரத்தை 271 சாவுகளோடு அரசாங்கம் இணைத்தது. இரண்டு கம்பெனிகளுக்கும் இருந்த ஏறக்குறைய நூறு வருடக் குடும்ப உறவு அறுந்தது. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

2006-ல் போயிங்கிலிருந்து ஆலன் முலாலி தலைமை ஏற்க வந்தார். நீல நிற முட்டை லோகோவைக்கூட அடகுவைத்து 2,360 கோடி டாலர் கடன் திரட்டினார்கள். அதனால் 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் கோர்ட்டுக்குப் போனபோது ஃபோர்டு போகவில்லை. தரமும் ஏறியது. 2010-ல் ஜே.டி. பவர் என்ற ஆய்வு நிறுவனம் நடத்தும் புது வண்டிக் கணக்கெடுப்பில் ஃபோர்டு மொத்தத்தில் ஐந்தாவது. சொகுசு பிராண்டுகளை விட்டுவிட்டுப் பார்த்தால் முதலிடம்.

அடுத்த வருடம் 23-வது இடம். ஒரே வருடத்தில்! காரணம் இரண்டு. ஒன்று மைஃபோர்டு டச் என்ற தொடுதிரை. மைக்ரோசாஃப்ட் மென்பொருளில் ஓடியது. உறைந்துபோகும், திரை கறுக்கும். இரண்டாவது பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ். இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக். கிளட்ச்சை எண்ணெயில் நனையவிடாமல் உலர்ந்ததாக வைத்தால் எரிபொருள் மிச்சம், எடையும் குறைவு. ஆனால் ட்ராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது ஃபோகஸும் ஃபியஸ்டாவும் உதறின. ஆஸ்திரேலியாவில் புகார் சொன்னவர்களை நடத்திய விதத்துக்காக 2018-ல் கோர்ட் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. இந்தியாவிலும் ஃபியஸ்டா, ஈக்கோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக்கில் இதே வகைதான் வந்தது. 2017-ல் புதுப்பித்தபோது ஓசையில்லாமல் டார்க் கன்வெர்ட்டர் உள்ள பழைய பாணி ஆட்டோமேட்டிக்குக்கு மாறிவிட்டார்கள்.

ஈக்கோஸ்போர்ட் என்றதும் சென்னைக்குப் பக்கத்து மறைமலை நகர் ஃபோர்டு ஆலை நினைவுக்கு வந்துவிடுகிறது. 2018 மாடல் முதல் அமெரிக்காவில் விற்ற ஈக்கோஸ்போர்ட் எல்லாம் அங்கே பூட்டி, கப்பலேறி வந்தவை. மிச்சிகன் பார்க்கிங் லாட்டில் அந்த வண்டியைப் பார்த்தால் எனக்கு ஒரு சின்னப் பெருமை. டியர்பார்ன் தலைமையகத்தின் காலடியிலேயே செங்கல்பட்டு மாவட்டத்துக் கைவேலை. பூட்டியதில் குறையில்லை. குறை 1.0 லிட்டர் ஈக்கோபூஸ்ட் இன்ஜினில். இங்கிலாந்தின் டன்டனில் வடிவமைத்தது. 2012, 2013, 2014 மூன்று வருடமும் சர்வதேச அளவில் வருடத்தின் சிறந்த இன்ஜின் விருது வாங்கியது. அதில் கேம் ஷாஃப்டைச் சுற்றும் பெல்ட் இன்ஜின் எண்ணெய்க்குள்ளேயே ஓடும். உராய்வு குறையும், சத்தம் குறையும். வருடங்கள் போனபின் ரப்பர் நைந்து, துகள் உதிர்ந்து, எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கும். எண்ணெய் ஏறாவிட்டால் இன்ஜின் கதை முடிந்தது. அதே இன்ஜினில் ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட்டுக்காக அமெரிக்காவில் ஈக்கோஸ்போர்ட், ஃபோகஸ் இரண்டும் சேர்த்துச் சுமார் 1,40,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஆயில் பம்பே இல்லாத மாடல் டி-யை நினைத்துக்கொண்டேன்.

மறைமலை நகரில் கடைசி ஈக்கோஸ்போர்ட் 2022 ஜூலையில் இறங்கியது. அந்த ஆலையை மூடியதற்குத் தரம் காரணமில்லை; பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கம்பெனியே சொன்னது.

இப்போதைய நிலைமை என்ன? 2023-ல் வாரண்டிக்கு மட்டும் 480 கோடி டாலர். 2025-ன் முதல் ஆறு மாதத்தில் 88 ரீகால், அதாவது வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதற்கு முன் ஒரு முழு வருடத்துக்கான சாதனையே 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த 77-தான். ரீகால் எண்ணிக்கையை வைத்து வண்டி மட்டம் என்று சொல்லிவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சில ரீகால் பின்பக்கக் கேமரா மென்பொருளுக்கானது. வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போதே இணையம் வழியாகச் சரியாகிவிடும். குறைகளை முன்பைவிடத் தேடிப் பிடிக்கிறோம், அதனால்தான் எண்ணிக்கை ஏறுகிறது என்கிறது கம்பெனி. பாதி நியாயம். இறங்கிய பிறகு தேடிப் பிடிப்பதைவிட, லைனிலேயே அந்த 27 சதவீதத்துக்கு வரலாமே என்று பட்டேவியா கதையைக் கேட்டவன் யாரும் நினைப்பான்.

பிள்ளைகளுக்கு நான் கடைசியில் சொல்வது இதுதான். பழைய பிக்கப் என்றால் த்ரீ ஹண்ட்ரட் கிடைத்தால் விடாதே. புதுசு என்றால் ஒரு மாடல் வந்து மூன்று வருடமாவது ஆகட்டும். உலர் கிளட்ச் ஃபோகஸ் யார் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். கேம்ரிக்குப் போவதென்றால் போ தம்பி, கோவித்துக்கொள்ள மாட்டேன்.

2025 அக்டோபர் கடைசியில் மறைமலை நகருக்குத் திரும்பி வருவதாக ஃபோர்டு தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, வருடத்துக்கு 2,35,000 இன்ஜின், 2029-ல் தொடக்கம். ஊரில் பலருக்கு வேலை திரும்பும் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். முதல் இன்ஜின் வெளிவரும்போது குதிரைத்திறன் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். நான் முதலில் பார்க்கப் போவது உள்ளே ஓடுவது பெல்ட்டா, செயினா என்பதைத்தான்.